பதினொரு தரம் காய்ச்சல் கண்டவன்

ஏழு மணி றெயில் கொக்குவில் ஸ்டேசனை விட்டுப் போய்விட்டது. பனி மட்டும் புகையிலைத் தோட்டத்தை விட்டுப் போக மனமில்லாமல் கிடந்தது. மார்க்கண்டு கிணற்றுத் துலாவின் மேல் ஏறி, ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக நடந்தான். அவன் நடைக்குத் துலா தாழ்ந்து உயர்ந்தது. கீழே கிணற்று மிதியில் பக்கத்து வளவு ஏரம்பு நின்று, மேலே வந்த பட்டையைப் பிடித்துக் கவிழ்த்தான். பனையோலைப் பட்டையிலிருந்து கொட்டிய தண்ணீர் வாய்க்காலில் ஓடிற்று. அந்த வாய்க்காலின் மறு நுனியில் மார்க்கண்டுவின் பெண்சாதி சிவக்கொழுந்து, சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைப்பதும் மற்றதை வெட்டி விடுவதுமாக நின்றாள்.

நாலு நாளைக்கு ஒரு இறைப்பு. அது தவறினால் புகையிலை முகத்தைத் தொங்கப்போட்டுவிடும். அந்தத் தோட்டந்தான் அவர்கள் இரண்டு பேருக்கும் வருஷம் முழுவதும் சோறு.

வாய்க்காலோரம் இரண்டு மூன்று பெண்கள் குடங்களோடு குந்தியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் மற்றக் கிணறுகள் எல்லாம் சவர், உப்புத் தண்ணீர். பருப்பு அவியாது, தேத்தண்ணீர் திரைந்து போகும். சிவக்கொழுந்து ஒருவரையும் வேண்டாமென்று சொன்னதில்லை.

வேலிப் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாக ஒருவர் இறங்கினார். பின்னால் ஒரு பியூன் தகரப் பேணியும் பலகையும் சுமந்துகொண்டு வந்தான்.

“மார்க்கண்டு எண்டிறது ஆர் இஞ்சை?”

கிட்ட நின்றவள் சிவக்கொழுந்து. கட்டின நாள் முதல் புருஷன் பேரை வாயால் சொல்லி அறியாதவள். நாடியை உயர்த்தித் துலாவைக் காட்டினாள்.

“அவர்தான். மேலை நிக்கிறார்.”

வந்தவர் மேலே பார்த்தார். கையிலிருந்த கடுதாசியைப் பார்த்தார். திரும்ப மேலே பார்த்தார்.

“வேறை மார்க்கண்டு இல்லையோ இந்தக் குறிச்சியிலை?”

“இவர் ஒருத்தர்தான், ஐயா.”

“இறங்கும்! முதல் இறங்கும்! உந்த வருத்தத்தோடை துலாவிலை ஏறலாமோ?”

மார்க்கண்டு நடையை நிறுத்தினான். “ஆருக்கு ஐயா வருத்தம்?”

“உமக்குத்தான்.”

ஏரம்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அண்ணை, உனக்கு வருத்தமாம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!”

“எனக்கே இப்பதானேயடா தெரியும்,” என்று சொல்லிக்கொண்டு மார்க்கண்டு இறங்கி வந்தான்.

வந்தவர் புதிதாக வந்த சுகாதார இன்ஸ்பெக்டர், நோர்மன் என்று பேர். வேதக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர். குரலில் கடுமை இல்லை. கடுதாசியை வாசிக்கும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது போல் இருந்தது.

“நெருப்புக் காய்ச்சல், டைபொயிட் எண்டிறது. மார்க்கண்டு, வயது நாற்பத்தொண்டு, சொந்தக் கிணறு. நவம்பர் கடைசியிலை ஒருக்கால். பேந்து டிசம்பரிலை ஆறு தரம். இந்த மாசம் நாலு தரம். எல்லாமாப் பதினொரு தரம்.”

“நெருப்புக் காய்ச்சல் எனக்குப் பதினெட்டு வயசிலை ஒருக்கால் வந்தது ஐயா. தலை மயிர் முழுக்கக் கொட்டுண்டு போச்சுது. அதுக்குப் பிறகு ஒரு தலையிடியும் இல்லை.”

“எனக்கும் சின்னனிலை வந்தது,” என்றாள் சிவக்கொழுந்து.

“ஒருக்கால் வந்தவைக்குத் திரும்ப வாறது அருமை,” என்றார் நோர்மன். “அதுதான் எங்கடை பெரிய டொக்டருக்கும் மண்டையைக் குழப்பினது. தெற்கிலை போன வருஷத்துக்கு முதல் வருஷம் மலேரியாவிலை சனம் செத்த பிறகு, காய்ச்சல் எண்டால் கவுண்மேந்துக்குப் பயம். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரிமார் எல்லாரும் தங்களிட்டை வாற காய்ச்சல்காரரை எழுதி அனுப்ப வேணும் எண்டு கடுதாசி போட்டவை. உங்கடை ஆழ்வாப்பிள்ளைப் பரியாரியார் ஒருத்தர்தான் ஒழுங்கா அனுப்பினவர். அவரின்ரை கடுதாசியிலை உள்ள நெருப்புக் காய்ச்சல் முழுக்க உம்முடைய பேர்தான். ஒரு மனிசனுக்குப் பதினொரு தரம் வந்தால் அந்தக் கிணத்திலை என்னவோ இருக்கு எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.”

மார்க்கண்டு என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். ஏரம்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. மார்க்கண்டு வாயை மூடிக்கொண்டான்.

பியூன் பேணியைத் திறந்து ஒரு மருந்துத் தூளைக் கிணற்றில் கொட்டினான். சிவக்கொழுந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய கிணற்றுத் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. குடத்தோடு வந்த பெண்கள் “முருகா!” என்று எழுந்துவிட்டார்கள். துலாவைக் கம்பியால் வரிந்து ஈய முத்திரை வைத்தார்கள். பட்டை சைக்கிள் கரியரில் ஏறிற்று. சிவப்பெழுத்துப் பலகை துலாக்காலில் தொங்கிற்று.

“பதினாலு நாளைக்கு ஒருத்தரும் தண்ணி அள்ளப்படாது.”

“ஐயா, புகையிலைக்கு மட்டும் இறைக்க விடுங்கோ,” என்று மார்க்கண்டு கும்பிட்டான். “குடிக்க ஒரு சொட்டும் எடுக்கமாட்டம்.”

“வாய்க்காலிலை தண்ணி ஓடினால் குடம் வைக்காமல் விடுவினமோ?” என்று கேட்டுவிட்டு நோர்மன் பெண்களைப் பார்த்தார். அவர்கள் குடங்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள்.

*

மத்தியானம் மரவள்ளிக் கிழங்குக் கறியும் சோறும். கடன் வாங்கிய சவர்த் தண்ணீரில் சமைத்தது, வாயில் வைக்க முடியவில்லை. மார்க்கண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“இஞ்சேருங்கோ. இன்ஸ்பெக்டரிட்டை ஏன் வாயை மூடினனீங்கள்? ‘காய்ச்சல் எனக்கில்லை, நான் மற்றவைக்காகப் போய்ப் பரியாரியாரைக் கூப்பிட்டனான்’ எண்டு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னால் ஆருக்காகப் போனனீர் எண்டு கேப்பார்.”

“கேட்டால் சொல்லுங்கோவன்.”

“உனக்கே சொல்லாததை அவருக்குச் சொல்லுறதோ?”

அது உண்மைதான். அந்தக் குறிச்சியில் யாராவது படுக்கையில் விழுந்தால் பரியாரியாரைக் கூப்பிட மார்க்கண்டுவைத்தான் அனுப்புவார்கள். பேர் ராசி. அந்தப் பேர்க்காரனுக்காகச் சிவனே யமனை உதைத்தவரல்லவா? மார்க்கண்டு போய்க் கூப்பிட்டால் படுத்த ஆள் எழும்பும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. போகிறவன் வழியில் ஒருவரோடும் கதைக்கக்கூடாது, திரும்பி வந்தும் யார் வீட்டுக்காகப் போனான் என்று மூச்சு விடக்கூடாது. கூலி வாங்கக்கூடாது. வீட்டுக்காரர் தின்பதற்கு எதையாவது கையில் கொடுத்து விடுவார்கள். அவன் அதைக் கொண்டுவந்து குசினி வாசலில் வைப்பான். அவள் கேட்கமாட்டாள், சமைப்பாள்.

“சொன்னால் என்ன நடக்கும் தெரியுமோ?” என்றான் மார்க்கண்டு. “வண்டிலோடை வந்து ஏத்திக்கொண்டு போய்க் காய்ச்சல் ஆசுப்பத்திரியிலை போடுவாங்கள். அதிலை ஒரு வீட்டிலை மாசியிலை கலியாணம். பொம்பிளைதான் படுத்துக் கிடக்கிறாள். மாப்பிளை வீட்டார் கேள்விப்பட்டால்?”

“எங்கடை புகையிலை?”

மார்க்கண்டு சோற்றைத் தள்ளி வைத்தான். கையைக் கழுவ எழுந்தவன் பழக்கதோஷத்தில் கிணற்றடிக்குப் போய், பலகையைக் கண்டு, திரும்பி வந்தான்.

*

மூன்றாம் நாள் சிவக்கொழுந்து பரியாரியார் வீட்டுக்குப் போனாள். ஆழ்வாப்பிள்ளை முற்றத்தில் காயப்போட்ட வேர்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூக்குத்தூளும் முன்கோபமும் உள்ள மனிதர். மகள் குணலட்சுமி மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“பரியாரியார், என்ரை மனிசனுக்கு ஏன் காய்ச்சல் எழுதினனீங்கள்?”

“நான் ஏன் எழுதிறன்? நான் எழுதினது வந்தவன்ரை பேரை. என்ரை அப்பு எழுதினதும் அப்பிடித்தான், அவரின்ரை அப்பு எழுதினதும் அப்பிடித்தான். வாறவன் எந்தக் காலை முன்னுக்கு வைச்சான், எந்தத் திக்கிலை நிண்டான், முதல் என்ன சொல்லுச் சொன்னான், அதிலைதானே பாதி வருத்தம் தெரியும்? படுத்தவன்ரை பேரை ஏட்டிலை ஏத்தினால் வருத்தமும் ஏறும்.”

“அதை அப்பிடியே கவுண்மேந்துக்கு அனுப்பினதோ?”

“நான்தான் அக்கை,” என்றாள் குணலட்சுமி. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டாள். “அப்புவின்ரை கொப்பியைப் பார்த்து அவையின்ரை படிவத்திலை இறக்கினது நான்தான். பேர் எண்டு ஒரு கட்டம் இருந்தது. கொப்பியிலை ஒரு பேர்தான் இருந்தது. எந்தக் கிணறு எண்டு ஒரு கட்டம். மார்க்கண்டு அண்ணையின்ரை கிணறு எனக்குத் தெரியும். ஒரு கட்டமும் வெறுமையா விடப்படாது எண்டு கீழை அச்சடிச்சிருந்தது.”

“பதினொரு தரம் ஒரே பேரை எழுதேக்கை உனக்கு ஒண்டும் தோன்றேல்லையோ பிள்ளை?”

“தோன்றினது. அப்புவைக் கேட்டன். உள்ளதை எழுது எண்டார்.”

“உள்ளதுதானே!” என்று ஆழ்வாப்பிள்ளை தும்மினார். “சரி, உவளைக்கொண்டு ஒரு கடிதம் எழுதுவிக்கிறன், மார்க்கண்டு வருத்தக்காரன் இல்லை, வந்து கூப்பிட்டவன் எண்டு. ஆனால் படுத்த ஆக்களின்ரை பேர் கேட்டால் நான் தரமாட்டன். ஒரு வீட்டுப் படலைக்குள்ளை கண்டதை மற்றப் படலையிலை சொன்னால் நாளைக்கு ஆர் எனக்கு நாடியை நீட்டுவினம்? காய்ச்சலை ஒளிச்சு வைச்சுக்கொண்டு செத்துப் போவினம்.”

சிவக்கொழுந்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் சொல்வதும் சரி போலிருந்தது. இன்ஸ்பெக்டர் சொன்னதும் சரி போலிருந்தது. இரண்டு சரிக்கும் நடுவில் அவளுடைய புகையிலை காய்ந்துகொண்டிருந்தது.

குணலட்சுமி வேலி வரை கூட வந்தாள். கையில் கொப்பி.

“அக்கை, என்னிலை கோவமோ?”

“அந்த நாளுகளை ஒருக்கால் வாசி பிள்ளை.”

“வாசிச்சென்ன, நாள் மட்டுந்தானே இருக்கு?”

“நீ வாசி.”

“முதலாவது, கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள்.”

விளக்கீட்டுக்கு மறுநாள். சிவக்கொழுந்து கண்ணை மூடினாள். அன்றைக்குக் குசினி வாசலில் இருந்தது புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, ஒரு சுளகு. சீனிப் பை நூலால் கட்டிய கட்டு. அப்படிக் கட்டுகிறவள் ஏரம்பு பெண்சாதி. அந்தக் கிழமைதான் அவர்களுடைய மகன் சீவரத்தினம் குருநாகல் கடையிலிருந்து வந்தவன். ஒரு விரலை மடித்தாள்.

“பிள்ளையார் கதை முடிஞ்ச அண்டு.”

“மொந்தன் வாழைக்காய். தோலிலை கறுப்புப் புள்ளி.” அந்த வாழை ஒரு வளவில்தான் நின்றது.

“திருவெம்பாவை மூண்டாம் நாள்.”

“இராசவள்ளிக் கிழங்கு. பால் விட்டுக் காய்ச்சினன். அவர் இரண்டு கோப்பை குடிச்சவர்.” பொன்னம்பலம் வீட்டு வேலியோரம் அந்தக் கொடி. மாசியில் கலியாணம் அந்த வீட்டில்தான்.

குணலட்சுமி வாசிக்க வாசிக்க அவள் விரல் மடித்தாள். முருங்கைக்காய், பயற்றங்காய், ஒரு கூடை பனங்கிழங்கு. வாழைக்காயும் முருங்கைக்காயும் இரண்டு தரம் வந்தன. அந்த வீடுகளில் இரண்டு இரண்டு பேர் படுத்திருக்கவேணும். பதினொரு நாள், ஒன்பது வீடு.

“அக்கை, உங்களுக்கு எல்லாம் தெரியுமே!” குணலட்சுமி வாயைப் பிளந்தாள். “சொன்னால் எழுதிவிடுவன்.”

“எனக்கு என்ன சமைச்சனான் எண்டுதான் தெரியும்,” என்று சொல்லிவிட்டு சிவக்கொழுந்து நடந்தாள். ஒன்பது வீடு என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

*

ஏழாம் நாள் காலை நோர்மன் திரும்பவும் வந்தார். கரியரில் பட்டை இருந்தது. சட்டைப்பையில் பரியாரியாரின் கடிதம்.

ஒரு இறைப்புப் பாதியில் நின்றுபோயிற்று. அடுத்ததும் தவறிவிட்டது. அடி இலைகள் வெள்ளாட்டுக் காது மாதிரித் தொங்கின. சிவக்கொழுந்து ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிப் பனி ஈரத்தை இலையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

“பிழை நடந்துபோச்சு, மார்க்கண்டு,” என்றார் நோர்மன். தொப்பியைக் கழற்றினார். “நீர் வருத்தக்காரன் இல்லை. பதினொரு வரியையும் சிவப்பு மையாலை வெட்டப்போறன். வெட்டின உடனை கிணறு உமக்கு.”

“அப்ப காய்ச்சல் ஆருக்காம், ஐயா?” என்று கேட்டாள் சிவக்கொழுந்து.

“அதைப் பரியாரியார் சொல்லமாட்டன் எண்டிட்டார். பேர் இல்லாட்டில் படிவத்திலை ஆளில்லை. ஆளில்லாட்டில் காய்ச்சலும் இல்லை. இந்தக் குறிச்சியிலை நெருப்புக் காய்ச்சல் இல்லை எண்டுதான் இனி மேலை எழுத வேணும்.” அவர் தன் சொல்லைத் தானே நம்பாதவர் போலத் தலையை ஆட்டினார்.

மார்க்கண்டு காத்திருக்கவில்லை. பியூன் கம்பியை வெட்டினானோ இல்லையோ, அவன் துலாவில் ஏறிவிட்டான். ஏரம்பு பட்டையைத் துலாக் கொடிக் கயிற்றில் கட்டினான். “இனிக் கெதியா விடு அண்ணை, பின்னேரத்துக்குள்ளை முழுத் தோட்டமும் நனைஞ்சிடும்!”

செய்தி வேலிக்கு மேலாகப் பறந்திருக்கவேணும். படலை திறந்தது. குடங்களோடு பெண்கள் வந்தார்கள்.

“மச்சாள், ஏழு நாளா உப்புத் தண்ணி குடிச்சு நாக்குத் தோலுரிஞ்சு போச்சு!”

“உன்ரை மனிசனுக்குக் காய்ச்சல் மாறிட்டுதோடி? பதினொரு காய்ச்சலும்?”

“அவருக்கென்ன, ராசா மாதிரித் துலாவிலை நிக்கிறார்!”

சிரித்துக்கொண்டு வாய்க்காலோரம் வரிசையாகக் குந்தினார்கள். சிவக்கொழுந்து மண்வெட்டியோடு நின்று பார்த்தாள். முதலில் இருந்தவள் ஏரம்பு பெண்சாதி, புழுக்கொடியல். அடுத்தவள் மொந்தன் வாழைக்காய். அதற்கடுத்தவள் பொன்னம்பலம் பெண்சாதி, இராசவள்ளிக் கிழங்கு. கண்ணடியில் கருமை, நித்திரை இல்லாதவள். அதற்கப்பால் முருங்கைக்காய். சிவக்கொழுந்தின் விரல்கள் மண்வெட்டிப் பிடியில் தாமாகவே மடிந்தன. பயற்றங்காய். பனங்கிழங்கு.

ஒன்பது குடம்.

இந்தக் கிணற்றில் அள்ளாத வீடு ஒன்றும் அந்தக் கொப்பியில் இல்லை. கொப்பியில் இல்லாத வீடு ஒன்றும் இந்த வரிசையில் இல்லை. விளக்கீட்டுக்கு முதல் நாள் ஏரம்பு பெண்சாதி மகனுடைய பாயையும் வேட்டிகளையும் கொண்டுவந்து இந்தக் கிணற்றடிக் கல்லில்தான் தோய்த்தாள். “மகன் வயித்தாலை போய்க் கிடக்கிறான் மச்சாள்” என்று சொன்னாள். சவுக்காரம் கொடுத்தது சிவக்கொழுந்துதான். தோய்த்த தண்ணீர் மிதிக்கல்லின் வெடிப்புக்குள்ளே இறங்கிப் போனதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடுதாசி பிழை, பலகை சரி. அது எப்படி? ஒரு பொய் எப்படி நேரே வந்து சரியான கிணற்றடியில் நின்றது?

துலா தாழ்ந்தது. பட்டை நிறைந்து மேலே வந்தது. ஏரம்பு அதைக் கவிழ்க்கக் கையை நீட்டினான்.

“கவிழ்க்காதை!”

சிவக்கொழுந்து ஓடிப்போய்ப் பட்டையைப் பிடித்தாள். தண்ணீர் தளும்பி அவள் மேலெல்லாம் ஊற்றிற்று. அப்படியே பட்டையைத் தள்ளிக் கிணற்றுக்குள் விட்டாள்.

“எடி, உனக்கு விசரே?” என்று மேலிருந்து மார்க்கண்டு கத்தினான்.

“ஐயா, பலகை நிக்கட்டும். மற்ற ஏழு நாளும் நிக்கட்டும்.”

“பார்த்தியே,” என்றாள் குடத்தோடு இருந்த ஒருத்தி, “தண்ணி தர மனமில்லாட்டில் நேரை சொல்லன். கவுண்மேந்தைத் துணைக்குக் கூப்பிடுறாள்.”

“நல்ல கிணறு வைச்சிருக்கிற பெருமை.”

“எழும்புங்கோடி, உவளின்ரை தண்ணி ஆருக்கு வேணும்?”

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யாருடைய பேரையாவது சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. குடங்கள் இடுப்பில் ஏறின. பொன்னம்பலம் பெண்சாதி கடைசியாகப் போனாள். திரும்பி ஒரு தரம் பார்த்தாள்.

படலை சாத்திய பிறகு நோர்மன் கிட்ட வந்தார். “போன கிழமை இறைக்க விடச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்டனீங்கள். இப்ப ஏன்?”

“நாளைக் கணக்குப் பார்த்தன், ஐயா. பதினொரு பேர், ஒன்பது வீடு. ஒன்பதும் இந்தக் கிணறு. அவ்வளவுதான் சொல்லுவன்.”

நோர்மன் படலையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மெல்ல விளங்கிற்று.

“பேர்?”

“பேர் கேக்காதையுங்கோ. பரியாரியார் பார்க்கிறார், ஒரு ஆளும் சாகேல்லை. வேணுமெண்டால் உங்கடை மருந்தை அவரிட்டைக் குடுங்கோ, அவருக்குப் படலை தெரியும். ஒவ்வொரு வீட்டிலையும் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடிக்கச் சொல்லுங்கோ, முழு ஊருக்கும் பொதுவாச் சொல்லுங்கோ. கிணறு இதுதான். அது உங்களுக்குக் காணாதோ?”

“எனக்குக் காணும். படிவத்துக்குக் காணாது. பேர்க் கட்டம் வெறுமையா இருக்கப்படாது.”

“வெறுமையா இல்லையே, ஐயா.”

“அந்தப் பேரைத்தானே வெட்ட வந்தனான்?”

சிவக்கொழுந்து ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். துலாவின் மேலே நின்றவனைப் பார்க்காமல், வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“மார்க்கண்டு எண்டே இருக்கட்டும்.”

அவள் வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததை மார்க்கண்டு கேட்டான். துலாவில் பிடித்த கை நழுவப் பார்த்தது.

நோர்மன் சிவப்பு மைப் பேனையைத் திறந்தார். கடுதாசிக்கு மேலே பிடித்தார். பிறகு மூடிப் பைக்குள் வைத்தார். ஏரம்பு இவ்வளவு நேரமும் கிணற்று மிதியில் கல்லாக நின்றவன், குனிந்து கொடிக் கயிற்றை இழுத்துப் பட்டையை மேலே எடுத்து அவிழ்த்தான். பியூனைத் தொட விடவில்லை. தானே கொண்டுபோய்ச் சைக்கிள் கரியரில் வைத்து, தானே கட்டினான்.

எல்லோரும் போன பிறகு மார்க்கண்டு துலாவை விட்டு இறங்கி வந்தான். தோட்டத்தைப் பார்த்தான். பெண்சாதியைப் பார்த்தான். அவனுக்குப் பாதி விளங்கிற்று, பாதி விளங்கவில்லை.

“எடி, அடி இலை முழுக்கப் போகப்போகுது.”

“ஓம்.”

“நடு இலை?”

“தப்பினால் தப்பும்.”

அவன் தலையைச் சொறிந்தான். “அப்ப நான் இன்னும் ஏழு நாளைக்கு வருத்தக்காரனோ?”

“ஓம். போய்ப் படுங்கோ.”

அவன் உள்ளே போய், பட்டப்பகலில் பாயை விரித்து, தலையை மூடிக்கொண்டு படுத்தான். சிவக்கொழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காய்ந்த பாத்திகளுக்குள் இறங்கினாள்.